ஃப்ரம் பகுதியில் உள்ள துணை வினவலுக்கு மாற்றுப்பெயர் தெரியவில்லை: உதவி தேவை

வணக்கம். போஸ்ட்கிரெஸ் 16 தரவுத்தளத்தில் வாடிக்கையாளர் அட்டவணைக்கு ‘வா’ என மாற்றுப்பெயர் வைத்து, ஒவ்வொருவரின் கடைசி 3 ஆர்டர்களை எடுக்க முயன்றேன். ‘வேர்’ (WHERE) நிபந்தனைக்குள் இருக்கும் துணை வினவலில் (வினவலுக்குள் எழுதும் இன்னொரு வினவல்) ‘வா.ஐடி’ தடையின்றி வேலை செய்கிறது. அதையே ஃப்ரம் (FROM, எந்த அட்டவணைகளிலிருந்து எடுப்பது என்று சொல்லும்) பகுதியில் ஜாயினுக்குப் (JOIN, அட்டவணைகளை இணைப்பது) பின் வைத்தால், அந்த அட்டவணையை அங்கிருந்து குறிப்பிட முடியாது என்று பிழை வருகிறது. துணை வினவலுக்கு முன்னால் லேட்டரல் (LATERAL, தனக்கு முன் வரும் அட்டவணைகளைக் குறிப்பிட அதை அனுமதிக்கும் சொல்) சேர்த்ததும் சரியாகிவிட்டது (2013-இல் வந்த 9.3 பதிப்பிலிருந்தே இருக்கும் வசதி, நான்தான் கவனிக்கவில்லை).

ஆனால் இதே வினவல் ஒரு பழைய மைஎஸ்க்யூஎல் 5.7 தரவுத்தள சர்வரிலும் ஓட வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் லேட்டரல் 8.0.14-இல்தான் வந்தது, 5.7-இல் விண்டோ ஃபங்ஷனும் (ஒவ்வொரு வாடிக்கையாளரின் ஆர்டர்களுக்கும் வரிசை எண் இடுவது போன்ற கணக்குகளுக்கான வசதி) கிடையாது. ஒவ்வோர் ஆர்டருக்கும் அதே வாடிக்கையாளரின் பிந்தைய ஆர்டர்களை எண்ணி, எண்ணிக்கை 3-க்குக் குறைந்தவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும்படி எழுதியது சரியான விடையைத் தந்தாலும், வாடிக்கையாளர் ஐடி, தேதி இரண்டுக்கும் சேர்த்து இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அமைப்பு) இருந்தும் மிக மெதுவாக ஓடுகிறது. வேறு எப்படி எழுதலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.