கண்ணாடியில் விழாத டிராகுலா: வெள்ளிதான் காரணமா?

இரவுப்பறவை:
ரத்தக் காட்டேரியின் உருவம் கண்ணாடியில் தெரியாது என்பதற்கு உருப்படியான ஒரே காரணம் வெள்ளிதான். பழைய கண்ணாடிகளின் பின்புறம் வெள்ளி பூசியிருந்தார்கள். வெள்ளி தூய உலோகம், தீயதை ஏற்காது. இன்று அலுமினியம் பூசிய கண்ணாடிகள் வந்துவிட்டன, ஆகவே இக்காலக் காட்டேரி தன் முகத்தைத் தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம். நான் எழுதிவரும் நெடுங்கதையில் இந்த விதியைத்தான் வைத்திருக்கிறேன். ஆன்மா இல்லாததால் பிம்பம் இல்லை என்று சிலர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நாற்காலிக்கு ஆன்மா இருக்கிறதா? அது கண்ணாடியில் தெரியவில்லையா? காட்டேரி போட்டிருக்கும் சட்டை எங்கே போயிற்று? விதி என்று ஒன்றை வைத்தால், கேட்கிற கேள்விக்கு அது தாங்க வேண்டும்.

ஆடிப்பாவை:
நாற்காலிக் கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் வெள்ளி. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் 1897இல் வந்தது; டிராகுலா பிரபுதான் அதில் காட்டேரி. பூண்டு, சிலுவை, காட்டு ரோஜாக் கிளை என்று காட்டேரியை அடக்கும் பொருள்கள் அதில் வரிசையாக வருகின்றன. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளி இருப்பதால்தான் அவன் தெரிவதில்லை என்று அதில் யாரும் சொல்வதில்லை. டிராகுலாவை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் சொல்வது வேறு: அவனுக்கு நிழல் விழாது, கண்ணாடியில் பிம்பமும் தெரியாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். நிழல் விழுவது கல்தரையில், சுண்ணாம்புச் சுவரில். அங்கே வெள்ளி எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. கண்ணாடியில் வெள்ளியைப் படியவைக்கும் முறையை ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1835இல்தான் கண்டறிந்தார். அதற்கு முன் சில நூற்றாண்டுகளாக ஐரோப்பியக் கண்ணாடிகளின் முதுகில் இருந்தவை வெள்ளீயமும் பாதரசமும். நாமே 'ரசம் போன கண்ணாடி' என்றுதானே சொல்கிறோம்? அந்த ரசம் பாதரசம்தான். கண்ணாடி எவ்வளவு முந்தைய காலத்ததோ, அதில் வெள்ளி இருக்கும் வாய்ப்பு அவ்வளவு குறைவு.

இரவுப்பறவை:
நிழல் பற்றிச் சொன்னது சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஸ்டோக்கர் காரணம் சொல்லவில்லை என்பதால் காரணமே கூடாது என்று ஆகிவிடாது. அவர் எழுதிய காலத்தில் வெள்ளி பூசிய கண்ணாடி வந்துவிட்டது. மேலும், இது அவர் படைத்ததும் அல்ல. ஐரோப்பியக் கிராமங்களில் காலங்காலமாக இருந்த நம்பிக்கையை அவர் எடுத்துக்கொண்டார். கிராமத்து மக்கள் காரணமில்லாமல் எதையும் நம்புவதில்லை.

தாமிரபரணிக்கரை:
'காலங்காலமாக' என்ற சொல்லை எதிர்க்கத்தான் வந்தேன். செர்பியாவில் 1725இல் கிசிலியேவோ கிராமத்திலும், சில ஆண்டுகள் கழித்து மெத்வெஜாவிலும் காட்டேரிகள் என்று சந்தேகித்துப் பிணங்களைத் தோண்டி எடுத்தார்கள். மெத்வெஜாவுக்குப் போன ராணுவ மருத்துவர் ஃப்ளூக்கிங்கரின் அறிக்கை 1732இல் வெளியானது. அழுகாத உடல், உறையாத ரத்தம், புதிதாக முளைத்த நகம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். கண்ணாடி கிடையாது. அந்த ஊர்க் காட்டேரி ஊதிச் சிவந்த ஒரு குடியானவனின் பிணம். மாளிகையில் விருந்தினரை வரவேற்கும் பிரபு அல்ல. இலக்கியத்திலும் பாருங்கள்: 1819இல் வெளியான பொலிடோரியின் காட்டேரிக் கதையில் இந்த அடையாளம் இல்லை, 1872இல் வந்த லெ ஃபானுவின் பெண் காட்டேரிக் கதையான 'கார்மில்லா'விலும் இல்லை.

ஐரோப்பாவில் உண்மையிலேயே இருந்த வழக்கம், சாவு வீட்டில் கண்ணாடியைத் துணியால் மூடுவது. மானிடவியலாளர் ஃப்ரேசர் 1890இல் இதை விளக்குகிறார்: கண்ணாடியில் தெரிவது உயிருள்ளவரின் ஆன்மா, வீட்டைச் சுற்றிவரும் இறந்தவர் அதைக் கொண்டுபோய்விடுவார் என்ற பயம். ஆபத்து நம் பிம்பத்துக்குத்தான். பிம்பத்தை இழந்தவனின் கதையை ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மன் 1815இலேயே எழுதிவிட்டார்; நிழலை விற்றவனைப் பற்றி இன்னொரு ஜெர்மன் எழுத்தாளர் ஷமிஸோ எழுதிய கதை அதற்கு முந்தைய ஆண்டு வெளியானது. இருவரும் எழுதியது ஏமாந்துபோன மனிதர்களைப் பற்றி. அரக்கர்களைப் பற்றி அல்ல.

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. மகாபாரதத்தில் தமயந்தியின் சுயம்வரத்துக்கு நளன் உருவில் தேவர்கள் வந்து அமர்கிறார்கள். அவர்களுக்கு நிழல் இல்லை, வியர்வை இல்லை, கண் இமைப்பதில்லை. நளனுக்கு மட்டும் நிழல் விழுகிறது. நிழல் இல்லாதது தெய்வத்துக்கும் அடையாளமாக இருந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஆடிப்பாவை:
தமயந்தியை நினைவூட்டியதற்கு நன்றி. அவளும் ஒரு வேற்றுமையைக் கண்டுபிடித்துத்தான் தன் ஆளை அடையாளம் காண்கிறாள்.

இப்போது நாற்காலி. டிராகுலாவில் அந்தக் காட்சி எப்படி வருகிறது என்று பாருங்கள். ஹார்க்கர் புதிதாகத் தொழிலுக்கு வந்த வழக்கறிஞர், டிராகுலாவின் கோட்டையில் விருந்தினராகத் தங்கியிருக்கிறார். சன்னலருகே சிறிய கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்கிறார். தோளில் ஒரு கை விழுகிறது, காலை வணக்கம் கேட்கிறது. கண்ணாடியில் அறை முழுவதும் தெரிகிறது, ஆனால் அங்கே இருக்கும் மனிதர் அவர் ஒருவர்தான். திடுக்கிட்டதில் கத்தி பட்டுவிடுகிறது. பிரபு ரத்தத்தைப் பார்க்கிறான், கழுத்துக்குத் தாவுகிறான், சிலுவை மணிமாலையில் கை பட்டதும் விலகுகிறான், பிறகு அந்தக் கண்ணாடியையே சன்னல் வழியாக வீசி உடைக்கிறான். ஹார்க்கரின் முதல் கவலை, இனி எதில் பார்த்துச் சவரம் செய்வது என்பது. கடிகார மூடியிலோ உலோகச் சவரக் குவளையின் அடியிலோதான் முடியும் என்று குறிப்பில் எழுதுகிறார். என்னை உலுக்குவது அந்த இடம். கோட்டைக்குள் அவருக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கண்ணாடி. அது போனபின், தான் பார்த்ததை உறுதிசெய்ய அவருக்கு யாருமில்லை.

நாவலுக்காக ஸ்டோக்கர் எழுதிய குறிப்புகள் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஓவியர்கள் டிராகுலாவை வரைந்தால் வேறு யாருடைய முகமோதான் வரும், புகைப்படம் எடுத்தால் கறுப்பாகவோ எலும்புக்கூடு போலவோ விழும் என்று எழுதி வைத்திருந்தார். தூரிகைக்கும் துணிக்கும் வெள்ளி தேவையில்லையே! அவனைப் பதிவு செய்யவே முடியாது என்பதுதான் அவர் தேடிய பயங்கரம். 'கார்மில்லா'வில் நேர்மாறாக, 1698ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றில் அவள் முகம் அப்படியே கிடைக்கிறது. அங்கே படம்தான் அவளைக் காட்டிக்கொடுக்கிறது. சட்டை எங்கே போயிற்று என்றால், அவனைச் சேர்ந்த எதுவும் பதிவாகாது என்பதே என் பதில். நாற்காலிக்கு ஆன்மா வேண்டியதில்லை, அது யாரையும் ஏமாற்றவில்லை.

குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் வரும் ஆடிப்பாவை, நாம் கையும் காலும் தூக்கினால் தானும் தூக்கும் உருவம். அதற்கென்று விருப்பம் கிடையாது. டிராகுலா விருப்பம் மட்டுமே உள்ளவன். அவன் உருவம் எந்தக் கண்ணாடியின், படத்தின் சட்டத்துக்குள்ளும் நிற்காது.

இரவுப்பறவை:
நீங்கள் சொல்லும் காட்சியின் வலிமையை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. 1922இன் 'நோஸ்ஃபெராட்டு' என்ற காட்டேரித் திரைப்படத்தில் அந்த அரக்கனின் நிழல்தான் படிக்கட்டில் ஏறிப் போகிறது. ஸ்டோக்கரின் விதியைத் தலைகீழாக்கியே அந்த இயக்குநர் நம்மை நடுங்க வைத்தார். ஆன் ரைஸின் 1976இல் வெளியான நாவலில் காட்டேரிகள் கண்ணாடியில் தெரிகிறார்கள். ஆளுக்கொரு விதி இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் தடை?

ஆடிப்பாவை:
தடை இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உங்கள் கதையில் கண்ணாடி முன்னால் நின்று அதைப் பார்ப்பது யார்?

இரவுப்பறவை:
முடிதிருத்தும் கடைக்காரர். இரவு கடை அடைக்கும் நேரத்தில் ஒருவன் வந்து உட்கார்கிறான். அவர் வெட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறார். கண்ணாடியில் அவருடைய கையும் கத்தரியும் சீப்பும் அசைகின்றன. கீழே தலை இல்லை.

ஆடிப்பாவை:
இதை எழுதுங்கள். வெள்ளி பற்றிய விளக்கத்தை மட்டும் அந்தப் பக்கத்தில் வைக்காதீர்கள், மன்றாடிக் கேட்கிறேன்.

இரவுப்பறவை:
வெள்ளி இருக்கும், அடுத்த அத்தியாயத்தில். ஆனால் வெட்டி விழும் முடி கண்ணாடியில் தெரியுமா, தெரியாதா? அதற்கு எனக்கு விதி வேண்டும்.

தாமிரபரணிக்கரை:
தரையில் விழுந்த பிறகு தெரியட்டும். அவர்தானே அதைப் பெருக்க வேண்டும்.