சாட்பாட் பிழையைத் திருத்தச் சொன்னால் முழுசாக மாற்றி எழுதிவிடுகிறது, என்ன செய்யலாம்?

பாம்பன் டியூஷன் அக்கா:
வணக்கம். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாம் கடல் வேலைக் குடும்பங்கள். அவர்கள் எழுதியதை என் செல்போனில் சாட்ஜிபிடியில் போட்டுத் திருத்துகிறோம்.

போன வாரம் ‘என் அம்மா’ பற்றி எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளையின் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். அவள் அகராதியில் ‘பாசி’க்குச் சொல் பார்த்து, ‘மை மதர் கோ டு சீ அண்ட் டேக் மாஸ்’ என்று எழுதியிருந்தாள். ‘திருத்து’ என்று போட்டேன். இலக்கணப் பிழையே இல்லாமல் பத்து வரி வந்தது. ஆனால் அதில் வந்த அம்மா, அலையை ரசித்தபடி பாறையில் மாஸ் பறிக்கிறார்! விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, முங்கி முங்கிப் பாசி எடுக்கிற அம்மாவைக் காணோம். பிள்ளை அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். மறுநாள் பார்க்காமல் எழுதச் சொன்னால் மூன்று வரி வரவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை. நான் கேட்கிற விதம் தப்பா, இல்லை இதையே விட்டுவிடலாமா?

தொண்டிக்காரன்:
விட வேண்டாம் அக்கா. வெறுமனே ‘திருத்து’ என்றால் அது எழுதித்தான் தரும். தமிழிலேயே இப்படிப் போடுங்கள்: ‘எழுதியது ஒன்பதாம் வகுப்பு மாணவி. நீ மாற்றி எழுதாதே. ஒரு நேரத்தில் ஒரு பிழையை மட்டும் காட்டு. விடையைச் சொல்லாமல், அவளே கண்டுபிடிக்கிற மாதிரி தமிழில் கேள்வி கேள்.’ உரையாடல் நீண்டால் சொன்னதை விட்டுவிட்டுப் பழையபடி எழுத ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகத் தொடங்கிக் கட்டளையை மறுபடி போடுங்கள்.

கீழக்கரை ஆசிரியை:
மாஸ் விஷயத்தில் பிள்ளை மேல் குற்றமில்லை. ‘மாஸ்’ என்றால் ஈரச் சுவரில், பாறையில் படர்கிற பாசி. பாசி என்று தேடினால் அகராதி அதைத்தான் காட்டும். நம் பக்கத்துப் பாசி கடற்பாசி, ‘ஸீவீட்’. கரைவலை, வத்தை (சிறு படகு) மாதிரி சொற்களை அப்படியே எழுதவிட்டு, அது என்னவென்று அடுத்த வரியில் அவர்களையே விளக்கச் சொல்லுங்கள். அப்புறம், ஏ, ஆன், தி மூன்றுக்கும் தமிழில் நேர்ச்சொல் இல்லை. நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். ஒரு நாள் அதை மட்டும் பார்க்கச் சொன்னால் போதும்.

பாம்பன் டியூஷன் அக்கா:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்று போட்டுப் பார்த்தேன். ‘அம்மா கடலுக்குப் போவது வழக்கமா, ஒருமுறை நடந்ததா?’ என்று கேட்டது. பிள்ளை யோசித்து, ‘கோ’வை அடித்துவிட்டு ‘கோஸ்’ என்று எழுதினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை!

இன்னொரு கவலை. வேறொரு பையன் தானே எழுதியதை, பள்ளியில் ஏதோ தளத்தில் சோதித்து ‘ஏஐ எழுதியது’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தான்.

தொண்டிக்காரன்:
அந்தத் தளங்களை நம்பி ஒரு பிள்ளையைக் குற்றம் சொல்லவே கூடாது அக்கா. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ, ஏஐ எழுதியதைக் கண்டறியும் தன் சொந்தக் கருவியையே துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவர்கள் டோஃபல் என்கிற இங்கிலீஷ் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை இந்த மாதிரிக் கருவிகளில் சோதித்தார்கள். பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று வந்தது. எளிய, பழகிய சொற்களாக இருந்தாலே அந்தக் கருவிகள் சந்தேகப்படும். முதலில் நோட்டில் கையால் எழுதவிட்டு, அடித்தல் திருத்தலோடு அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள். அதைக் காட்டிப் பேசலாம்.

கீழக்கரை ஆசிரியை:
இன்னொன்று. 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு சாட்ஜிபிடியில் அனுமதி இல்லை. 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். பிள்ளைகளின் பெயர், ஊர் எதையும் அதில் போடாதீர்கள்.

பாம்பன் டியூஷன் அக்கா:
சரிங்க டீச்சர், வீடுகளில் கேட்டுவிடுகிறேன். விரலில் துணி சுற்றுகிற வரியை அவளே சேர்த்துவிட்டாள். முங்குவதற்கு ‘டைவ்’ போடலாமா என்று திண்ணையில் பெரிய வாக்குவாதம். எப்படி முங்குவார் என்று அம்மாவிடமே கேட்டு நாளைக்கு எழுதி வருகிறேன் என்று போயிருக்கிறாள்.