கீலில் செங்குத்து விசை கீழ்நோக்கி வருமா? சரிபார்த்துச் சொல்லுங்கள்

நண்பர்களே, 4 மீட்டர், 20 கிலோ சீரான உத்தரம், கிடைமட்டமாகச் சுவரில் கீலில் நிற்கிறது. கீலிலிருந்து 3 மீட்டரில் 30 கிலோ தொங்குகிறது. உத்தரத்தைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கம்பி கிடைமட்டத்திலிருந்து மேல்நோக்கி 30° சாய்வு, புவியீர்ப்பு முடுக்கம் g = 9.8.

கீலைப் பற்றிய திருப்பு விசை: 196×2 + 294×3 = 1274 நியூட்டன் மீட்டர். கம்பி நுனியில் இருந்தால் இழுவிசை 637, கீலின் செங்குத்து விசை மேல்நோக்கி 171.5 நியூட்டன். நுனியைப் பற்றி எடுத்தாலும் இதே விடைதான். கீல் விசை உத்தரத்தின் வழியேதான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டால் இந்த 171.5 காணாமல் போய்விடும். பலர் தவறுவது இங்கேதான்.

சாய்வை மாற்றாமல் கம்பியைக் கீலிலிருந்து 2 மீட்டருக்கு நகர்த்தினால் இழுவிசை 1274, கிடைமட்ட விசை 1103, செங்குத்து விசை −147. அதாவது கீல் உத்தரத்தைக் கீழே இழுக்கிறது. குறி மாறும் இடம் 2.6 மீட்டர். இது சரிதானே?

கீல் முள் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கிறது, கீலைச் சுவரில் பொருத்தும் தகட்டில் மேலும் கீழுமாக இரண்டு போல்ட். −147 வரும்போது கீழ் போல்ட்டில் இழுவிசை உண்டா, 1103 அழுத்தமே அதைச் சமாளித்துவிடுமா? தகட்டின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் சொன்னால் பெரிய உதவி.