வெள்ளம் ஏறின கொட்டுக்கிணறு: இறைச்சுக் குளோரின் போட்டால் போதுமோ?

வளவுக்காரன்:
திருகோணமலை அலஸ்தோட்டம் பக்கம், மணல் தரை. 5 அடி விட்டக் கொட்டுக்கிணறு (கொங்கிறீட் வளையங்களை அடுக்கி இறக்கினது). வெள்ளம் கட்டுக்கு மேலால ஏறி இரண்டு நாள் நின்றது. 30 அடி தள்ளிப் பக்கத்து வளவு மலக்குழி, அதுவும் பொங்கி வழிஞ்சது. இப்ப கிணத்துக்குள்ள 6 அடி கலங்கல் தண்ணி. பெரிய பம்ப் பிடிச்சு மூன்று தரம் வத்த இறைச்சுப்போட்டுக் குளோரின் தூள் போட்டால் குடிக்கலாமோ? தூள் எவ்வளவு? வெள்ளத்துக்குள்ள திரிஞ்ச ஆக்கள் எலிக்காய்ச்சல் குளிசை போடவேணுமோ?

கிணத்தடி:
வத்த இறைக்கிற யோசனையை முதல்ல விடுங்கோ. வெள்ளம் வடிஞ்ச கையோட நிலத்தடி நீர் மேல நிக்கும். உள்ளுக்குள்ள தண்ணியை ஒரேயடியா எடுத்தால் வெளித் தண்ணி மணலையும் இழுத்துக்கொண்டு கொட்டு மூட்டுகளால பாயும், கொட்டு சரியும். மற்றது உப்பு. கரையோர மணலில நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலதான் மிதக்குது. கனக்க இறைச்சால் கீழ இருக்கிற உப்பு மேல வரும். 2004 கடல்கோளுக்குப் பிறகு கிழக்குக் கரையில திரும்பத் திரும்ப இறைச்ச கிணறுகளில உப்பு இழுபட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சின்னப் பம்பால பாதி மட்டும் இறையுங்கோ. ஊற விட்டு, அடுத்த நாள் திரும்பப் பாதி. வாளியில அள்ளினால் அடி தெரியிற அளவுக்குத் தெளியவேணும். கலங்கல் தண்ணியில குளோரினைச் சேறே தின்றுபோடும், கிருமிக்கு மிஞ்சாது. பெற்றோல் பம்பைக் கிணத்துக்குள்ள இறக்கவே வேண்டாம். புகை அடியில தேங்கும், இறங்கிற ஆளுக்கு மூச்சு நின்றுபோகும். நனைஞ்ச கரண்ட் மோட்டர் எண்டால் மெயினை நிப்பாட்டி, எலெக்ட்ரீசியன் பார்க்குமட்டும் தொடக்கூடாது.

தூள் கணக்கு: விட்டம் × விட்டம் × தண்ணி ஆழம் × 22, எல்லாம் அடியில. உங்களுக்கு 5 × 5 × 6 × 22 = 3,300 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் எண்டால் 165 கிராம் தேவை. 65 - 70 வீதச் சத்துள்ள தூளில அது ஏறக்குறைய 250 கிராம். 30 வீதத் தூள் எண்டால் 550 கிராம். பையில என்ன வீதம் எழுதியிருக்கெண்டு பார்த்துப் போடுங்கோ, இதிலதான் கனபேர் பிழை விடுறது. கட்டு அவிழ்த்துக் கனநாள் கிடந்த தூளில சத்துப் போயிருக்கும்.

பிளாஸ்ரிக் வாளியில முதல்ல தண்ணி, பிறகு தூள். கலக்கிச் சுண்ணாம்பு அடியில படிய விட்டு, மேல் தெளிவை மட்டும் கிணற்றுச் சுவரைச் சுற்றி ஊத்துங்கோ. அந்த வாளிக்குள்ள ஹார்பிக்கோ அசிட்டோ படக்கூடாது. நச்சு வாயு கிளம்பும். மோட்டரைப் போட்டுக் குழாய்களில மணம் வருமட்டும் ஓட விட்டு, மூடி, ஒரு இரவு விடுங்கோ. அரை மணித்தியாலத்திலயே மணம் போயிற்றுதெண்டால் அழுக்கு இன்னும் இருக்கு. திரும்பத் துப்புரவாக்கித்தான் மருந்து போடவேணும்.

நீலவாளி:
மேல சொன்னது கிணற்றுக்கு. குளிசை வேற விஷயம். எலிக்காய்ச்சல் வராமல் டொக்சிசைக்கிளின் கிழமைக்கு ஒருக்கா 200 மில்லிகிராம் எண்டது சேறு, வெள்ளத்துக்குள்ள தொடர்ந்து நிக்கிற ஆக்களுக்கு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில, இல்லாட்டிப் பி.எச்.ஐ.யிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டுத்தான். கர்ப்பிணிகளும் 8 வயதுக்குக் குறைஞ்ச பிள்ளைகளும் தாங்களா எடுக்கவேண்டாம். சாப்பிட்டு, ஒரு முழுக் கிளாஸ் தண்ணியோட விழுங்கிப்போட்டு அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும்.

குளிசை எடுத்தாலும் 30 நாள் கவனம். காய்ச்சலோட கெண்டைக்கால் நோவு, கண் சிவக்கிறது, சிறுநீர் குறையிறது எண்டால் அண்டைக்கே ஆஸ்பத்திரி. வெள்ளத்தில நடந்ததைச் சொல்லுங்கோ. பரசிட்டமோல் மட்டும். டிக்ளோபெனாக், இபுபுரூபன் வேண்டாம், டெங்கு எண்டாலும் எலிக்காய்ச்சல் எண்டாலும் கெடுதல்.

எலிக்காய்ச்சலைப் பற்றி எல்லாரும் கதைக்கினம், மெலியோய்டோசிஸை மறந்துபோயினம். சேற்றிலயும் தண்ணியிலயும் இருக்கிற கிருமி, மழைகாலத்தில கூடும். நீரிழிவுக்காரருக்குத்தான் மோசம். விடாத காய்ச்சல், சீழ்க்கட்டு, நிமோனியா மாதிரி வரும். சாதாரண மருந்துக்கு அடங்காது, ஊசி மருந்துதான். இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில கிருமி வளருதோ எண்டு பார்க்கிற சோதனை) எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ. காலில வெடிப்பு இருந்தால் சப்பாத்து இல்லாமல் இறங்கவேண்டாம்.

வளவுக்காரன்:
சரி. குளோரின் போட்டு மணமும் போனபிறகு குடிக்கலாம்தானே?

கிணத்தடி:
உங்கட இடத்தில இல்லை. குளோரின் போட்ட நேரம் இருந்த கிருமியைத்தான் கொல்லும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது வேணும். உங்களுக்கு 30, அதுவும் மணல். குழி நிரம்பி நிக்குமட்டும் அழுக்கு ஊறிக்கொண்டே வரும். பக்கத்து வளவுக்காரரோட கதைச்சு பவுசர் பிடிச்சுக் குழியை இறைப்பியுங்கோ, அதுக்குப் பிறகு இன்னொருக்கா மருந்து. அதுவரைக்கும் குடிக்கிறதும் பல்லு விளக்கிறதும் கொதிச்சாறின தண்ணியில. நல்லாக் குமிழ் விட்டு ஒரு நிமிஷம் கொதிக்கட்டும். தண்ணியில எண்ணெய் படலமோ மண்ணெண்ணெய் மணமோ இருந்தால் கொதிக்க வைச்சும் பலனில்லை, குடிதண்ணியை வேற இடத்தில எடுங்கோ.

குளோரின் மணம் முற்றாப் போனபிறகு பி.எச்.ஐ. மூலம் பரிசோதனைக்குக் குடுங்கோ. கிருமி நீக்கின போத்தல் அவையிட்ட வாங்கி, வாய்ப்பக்கம் விரல் படாமல் பிடிச்சு, ஐஸ் பெட்டியில 6 மணித்தியாலத்துக்குள்ள சேர்க்கவேணும். 100 மில்லிலீற்றரில ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டுற கிருமி) 0 எண்டு வரவேணும். 1 எண்டாலும் கொதிக்க வைக்கிறதை நிப்பாட்டாதேங்கோ.