பர்லெஸ்க் என்பது ரெக்கார்டு டான்ஸா? மேடைக் காட்சிக்கு விவரம் வேண்டும்

தாமிரபரணி மேடை:
பாளையங்கோட்டையில் போட 10 நிமிஷக் காட்சி எழுதுதோம். கரு பர்லெஸ்க், அதாவது கேலியும் ஆட்டமும் கலந்த மேற்கத்திய மேடைக் கலை. இங்கே பலபேர் அதை ரெக்கார்டு டான்ஸ்னுதான் நினைக்காங்க. எங்கே தொடங்கி, எப்படி நின்னு, எப்படித் திரும்ப வந்துச்சு? அதோட, கையுறை கழற்றுற கட்டம் ஒத்திகையில் பாதியிலேயே சிக்குது.

பாலத்தடி வாசகர்:
பேரிலேயே விடை இருக்கு, அண்ணாச்சி. இத்தாலியத்தில் 'புர்லா'ன்னா கேலி. நம்ம நையாண்டி மேளத்துல உள்ள அதே நையாண்டி. 1868-ல் லிடியா தாம்சன் குழு இங்கிலாந்திலிருந்து போய் நியூயார்க்கில் 'இக்சியான்' போட்டுது. கிரேக்கத் தேவலோகத்தை எதுகையும் சிலேடையுமா கிண்டலடிச்ச நாடகம். பெண்களே ஆண் வேஷம் கட்டி, காலோடு ஒட்டின உடுப்பில் வந்தாங்க. பாவாடை தரையைத் தொட்ட காலம் அது, ஊரே கொதிச்சுது. ஆடை களையறது பிற்பாடு, 20-ஆம் நூற்றாண்டில்தான் முன்னுக்கு வந்துது. அதோட நையாண்டி மெலிஞ்சுது. 1937-ல் மேயர் லகார்டியா ஆட்சியில் நியூயார்க் பர்லெஸ்க் அரங்குகளுக்கு உரிமம் கிடைக்கல. 1995-ல் லாஸ் ஏஞ்சலஸில் 'வெல்வெட் ஹாமர்' குழு மீட்சிக்கு வழி திறந்துது. அதுக்குள்ளே எல்லாம் அழியாம இருந்ததுக்குக் காரணம், கலிபோர்னியா ஹெலண்டேலில் ஒரு பழைய ஆட்டுப்பண்ணையில் முன்னாள் பர்லெஸ்க் ஆட்டக்காரி டிக்ஸி இவான்ஸ் காத்துவச்ச உடுப்புகளும் படங்களும். அவங்களை மறந்துட்டு இந்த வரலாற்றைச் சொல்லக் கூடாது.

தையல் மெஷின்:
சிக்குறது வேர்வையால. நம்ம ஊர் வெக்கையில் சாட்டின் தோலோட ஒட்டிக்கிடும். கைக்கு முகப்பவுடர் போடுங்க, மோதிரத்தைக் கழற்றிருங்க. முழங்கையிலிருந்து உருட்டினா உள்பக்கம் வெளியே வந்து விரலில் முடிச்சாகும். முதல்ல சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரல் நுனியையும் அரை இஞ்சு தளர்த்தணும், அப்புறம் நடுவிரலைப் பிடிச்சு இழுக்கணும். தாளக் கணக்கு 32: விரலுக்கு நாலு வீதம் 20, இழுக்க 8, கடைசி 4 அசையாம நிக்கணும். சிரிப்பு அந்த நாலில்தான் விழும். அவசரப்பட்டு அதை விழுங்கிராதீங்க. மேலங்கிக்கு வெல்க்ரோ வேண்டாம், பிரியற சத்தத்தை மைக் பிடிக்கும். பிரஸ் பட்டன் போதும்.

கொடைமேளம்:
ஆண்கள் பெண் வேஷம் கட்டுதாங்கன்னு கணியான் கூத்தை இதோட ஒப்பிட்டு வசனம் எழுதாதீங்க. அது சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் சாமிக்குச் செய்யற சடங்கு. குறவன் குறத்தி ஆட்டமும் வேண்டாம். ஒரு சமூகத்தை இழிவுபடுத்துதுன்னு 2023-ல் அரசே தடை போட்டாச்சு. கேலி மேலே இருக்கிறவனைப் பார்த்துப் போகணும். அந்தக் கையுறையை ஜமீன்தார் வேஷத்தில் ஒரு பொண்ணு கழற்றட்டும்.

தாமிரபரணி மேடை:
அப்படின்னா மீசை வேணும். வேர்வைக்கு நிக்குமா?

தையல் மெஷின்:
மேலுதட்டு எண்ணெய்ப் பசையைத் துடைச்சு, ஒட்டு மீசைக்கான பசை, ஸ்பிரிட் கம்மை மெல்லிசாத் தடவி, விரலால் தட்டித் தட்டிப் பிசுக்குன்னு ஆனதும் ஒட்டுங்க. ஈரமா இருக்கும்போதே ஒட்டினா வழுக்கிரும்.