பென்சில் விழுந்ததா, நின்றதா?

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருடமாகிறது. கணவர் வீட்டாரை அன்றைய நிறவெறி அரசு 'கலர்ட்', அதாவது கலப்பினத்தவர், என்று பதிந்து வைத்திருந்தது. கல்யாணமான புதிதில் ஒரு ராத்திரி, மாமியார் பழைய நைலான் ஸ்டாக்கிங்கை வெட்டித் தலையில் மாட்டியிருந்தார். தலைவலியோ என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். அதற்கு 'ஸ்வர்ல்' என்று பெயராம். முடியைச் சூடுகாட்டி நீட்டி, மண்டையைச் சுற்றி ஒரே பக்கமாகச் சீவி, மேலே ஸ்டாக்கிங் மாட்டிப் படுத்தால் காலையில் படிந்து நேராக இருக்கும். தூறல் பட்டால் போச்சு, "முடி தன் வீட்டுக்குப் போயிடும்" என்பார்.

பென்சில் கதையை அவர் சொன்னது வெகுநாள் கழித்துத்தான். 1950-இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனம் பிரித்தது. தோற்றத்தில் சந்தேகம் வந்தால் முடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். நழுவி விழுந்தால் வெள்ளையர். சிக்கி நின்றால் இல்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே வேறு வேறு இனமாகப் பதிவானதும் உண்டு. எங்கே குடியிருக்கலாம், யாரைக் கல்யாணம் செய்யலாம் எல்லாம் அந்தப் பதிவில்தான். மாமியாரின் அத்தை ஒருவர் அப்படி 'வெள்ளை' ஆனவர். அப்புறம் தெருவில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். சட்டம் 1991-இல் போய்விட்டது. ஸ்டாக்கிங் போகவில்லை.

என் மகளுக்கு ஆறு வயது, அடர்ந்த சுருள் முடி. தேங்காயெண்ணெயும் நெருக்கமான சீப்பும் பழகிய கை எனக்கு, தலைவாரினாலே அழுவாள். ஈரத்தோடு, அகலப்பல் சீப்பால், நுனியில் தொடங்கி மேலே போக வேண்டும் என்று கற்றுத் தந்தது மாமியார்தான். ஆனால் விசேஷம் என்று வந்தால் அவரே "நேராக்கிவிடலாமே" என்கிறார். முன்பெல்லாம் சண்டை போடுவேன். அத்தை கதை கேட்டபின் வாய் எழவில்லை.

மறுமொழி:

அக்கா, நான் கலிபோர்னியா, ஓக்லாந்து. கூட வேலை பார்க்கும் கறுப்பினத் தோழி நேர்முகத் தேர்வுக்கெல்லாம் விக் வைத்துத்தான் போவாள். 'இந்தியன் ஹேர்' என்று அவள் சொன்ன விலையைக் கேட்டதும் திருப்பதியில் நான் கொடுத்த முடி நினைவுக்கு வந்தது. ஏலத்தில் போன கோயில் முடி எங்கே வந்து சேருகிறது பாருங்கள்! 2019-இல் இங்கே 'கிரௌன்' சட்டம் நிறைவேறியது. இயற்கையான முடியை, பின்னலைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது. அமெரிக்காவில் முதல் மாநிலம் இதுதான். 2020 தொடக்கத்தில் அது அமலுக்கு வந்த கையோடு தோழி பொடிப்பொடிப் பின்னலோடு ஆபீஸ் வந்தாள். மேலாளர் கேட்டார்: "இன்றைக்கு ஏதாவது விசேஷமா?"