விதிப் புத்தகம் இல்லையென்றால் உங்கள் கையில் என்ன டிஸ்க் இருக்கும்?

டிஸ்க் கோல்ஃப், அதாவது தட்டை எறிந்து சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்கும் ஆட்டம், ஆடும் நண்பர்களிடம் ஒரு கேள்வி. டிஸ்க்குக்கு இந்த ஆட்டத்தின் சங்கமான பிடிஜிஏ வைத்திருக்கும் அளவு, எடை விதிகள் எதுவும் இல்லையென்றால் நீங்கள் என்ன செய்து எறிவீர்கள்? விதிக்கு வெளியே இருக்கும் எதையாவது நிஜமாகவே எறிந்து பார்த்தவர்கள், செய்து பார்த்தவர்கள் அதைச் சொன்னால் இன்னும் சந்தோஷம். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறேன். வாராவாரம் கோல்டன் கேட் பூங்காவின் 18 கூடைகளைச் சுற்றி வருவேன். எவ்வளவு முறுக்கி எறிந்தாலும் என் டிரைவர் (தூரம் எறிவதற்கான டிஸ்க்) 90 மீட்டரைத் தாண்டாது. எங்கள் ஊரின் கடலோரக் குன்றில் ஃபோர்ட் ஃபன்ஸ்டன் என்று ஓர் இடம் உண்டு. 2003-ல் எரின் ஹெமிங்ஸ் ஏரோபி என்ற, நடுவில் வெறுமையான எறிவளையத்தை 406 மீட்டர் எறிந்தது அங்கேதான். 2016-ல் டேவிட் விக்கின்ஸ் நெவாடா பாலைவனத்துக் காற்றில் கோல்ஃப் டிஸ்க்கை எறிந்த தூரம் 338 மீட்டர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து அந்த வளையம் என் மண்டையை விட்டு இறங்கவில்லை. ஆனால் கோல்ஃபில் அது செல்லாது. டிஸ்க்கில் ஓட்டை இருக்கக் கூடாது என்பது விதி, வளையம் முழுக்கவே ஓட்டைதான்.

ஒன்று வாங்கினேன். 33 சென்டிமீட்டர் குறுக்களவு, தோசைக்கரண்டியின் தட்டையைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அலை உள்வாங்கியிருந்த ஒரு காலையில் ஓஷன் பீச்சில் எறிந்தேன். சாதாரண டிரைவர் எறிகிற அதே பலம்தான். வளையம் ஆள் உயரத்தில் கிளம்பி, ஏறாமல் சாயாமல், மணலுக்கு மேல் கோடு கிழித்த மாதிரி போனது. விழுந்த இடத்துக்கு எண்ணிக்கொண்டே நடந்தேன். 171 எட்டு. என் வாழ்நாளில் என் கையிலிருந்து போன எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை. திரும்பி நடக்கும்போது கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே.

அது எப்படி நேராகப் போகிறது என்பது முக்கியம். நம் டிஸ்க்கைக் காற்று தூக்கும் புள்ளி ஒரே இடத்தில் நிற்பதில்லை. கிளம்பும் வேகத்தில் அது நடுவுக்குப் பின்னால் இருக்கும். வேகம் தணிந்து மூக்கு, அதாவது முன்விளிம்பு, தூக்கும்போது முன்னால் வந்துவிடும். சுழலும் பொருளின் மூக்கைக் காற்று தள்ளினால் அது தள்ளிய பக்கம் போகாது, 90 டிகிரி விலகிப் பக்கவாட்டில் சாயும். வலக்கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுவந்து வீசும் பேக்ஹேண்டில் டிஸ்க் முதலில் வலப்பக்கம் லேசாகத் திரும்பி, கடைசியில் இடப்பக்கம் இறங்குவது இதனால்தான். ஏரோபியைக் கண்டுபிடித்த ஆலன் ஆட்லர் வளையத்தின் வெளிவிளிம்பில் ஒரு மெல்லிய வரப்பு வைத்தார். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் கிடைக்கும் தூக்கல் அதில் சமமாகிவிட்டது. (காப்பி போடும் ஏரோபிரஸ்ஸும் அவர் கண்டுபிடித்ததே.)

அப்புறம் ஒரு நாள் யாரும் இல்லாத விடியற்காலையில் அதைப் பூங்காவுக்குக் கொண்டுபோனேன். சைப்ரஸ் மரங்களைச் சுற்றி இடப்பக்கம் வளையும் கூடை ஒன்று. டிரைவரில் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கொஞ்சம் வலப்பக்கம் பார்த்து எறிந்தால் போதும், களைத்துப்போகும்போது டிஸ்க் தானாக வளைந்து மரத்துக்குப் பின்னால் இறங்கும். வளையம் வளையவே இல்லை. நேரே போய் மரத்தில் மோதியது. மூன்று முறை எறிந்தேன், மூன்று முறையும் அதே மரம். கையால் லேசாக மடக்கி வளையத்தின் போக்கை மாற்றலாம் என்பார்கள். மாற்றினேன். அப்போது முதல் அடியிலிருந்தே ஒரே பக்கமாக வளைந்துகொண்டு போனது. போய், களைத்து, பிறகு திரும்புகிற அந்தக் கடைசிச் சாய்வு வரவில்லை. ஆட்லர் சரிசெய்த குறைதான் நான் வாராவாரம் எறிந்து ரசிக்கிற விஷயம் என்று அந்த மரத்தடியில்தான் எனக்கு உறைத்தது.

சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

பதில்: மிச்சிகன்

அண்ணா, நான் கற்பனையோடு நிற்கவில்லை. வீட்டில் த்ரீடி பிரிண்டர் இருக்கிறது, இரண்டு குளிர்காலம் இதற்கே போனது.

முதலில் விளிம்பு. விதிப்படி விளிம்பின் அகலம் 2.6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அகலம் கூடக்கூட டிஸ்க் வேகமாகும் என்பதால் 3.2 வைத்து அச்சடித்தேன். ஆசையாக எடுத்துப் பிடித்தால் விரல் உள்ளே போய் மடங்கவே இடமில்லை. பிடி இல்லாமல் சுழற்சி வராது, சுழற்சி இல்லாமல் அந்த அகலத்துக்குப் பயனில்லை. என் பழைய டிரைவரைவிடப் பத்து மீட்டர் முன்னாலேயே இடப்பக்கம் விழுந்தது. 2.6 என்ற எண்ணை எழுதியவர்கள் மேல் அதற்கு முன் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை.

அடுத்தது எடை. ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுக்கு அதிகபட்சம் 8.3 கிராம் என்பது கணக்கு. 21.2 சென்டிமீட்டர் டிரைவர்கள் 175 கிராம் பக்கத்திலேயே நிற்பது அதனால்தான், பெருக்கிப் பாருங்கள். எனக்கு அதிக எடை வேண்டாம், அதே எடை ஓரத்தில் இருந்தால் போதும் என்று தோன்றியது. ஒரே எடை, ஒரே குறுக்களவு என்றால் தட்டையான தட்டைவிட வெறும் வளையத்துக்குச் சுழற்சி நிலைமம் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் தன்மை) இரு மடங்கு. டிஸ்க் செய்யும் எம்விபி நிறுவனம் கனமான பிளாஸ்டிக்கை வெளிவிளிம்பில் வார்ப்பது இதே எண்ணத்தில்தான், அது விதிக்குள் வருகிறது. நான் விளிம்புக்குள் தாமிரக் கம்பி சுற்றினேன்.

அது பறந்ததை எப்படிச் சொல்வது! கையை விட்டதும் நடுக்கமே இல்லை. மேசைமேல் வைத்த தட்டு நகர்வது போல் போனது. நீங்கள் சொன்ன கடைசிச் சாய்வும் இருந்தது, ஆனால் மிக மெதுவாக, நிதானமாக. ஐந்தாவது எறியில் மேப்பிள் மரத்தில் பட்டு விளிம்பு பிளந்தது. கம்பி ஒரு சாண் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி நாயோடு ஒருவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். அன்றோடு கம்பி வேலையை விட்டேன். பிளந்த டிஸ்க் இன்னும் என் மேசையில் இருக்கிறது.

பழையவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். ஏரோபி ஒரு கோல்ஃப் டிஸ்க்கும் செய்தது, எபிக் என்று பெயர். அதன் உள்வட்டம் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் விலகியிருக்கும். விளிம்பு குறுகலாக இருக்கிற இடத்தில் பிடித்து எறிய வேண்டும். என் அகல விளிம்பின் சிக்கலுக்கு என்றோ ஒருவர் கண்டுவைத்த விடை அது. அதைப் பார்த்துத்தான் இந்தக் குளிர்காலத்துக்குப் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறேன்.

பதில்: தம்பெரே, பின்லாந்து

எனக்குத் தூரம் வேண்டாம், திரும்பக் கிடைத்தால் போதும். இங்கே டிசம்பரில் மதியம் மூன்றரைக்கே இருட்டிவிடும். புதுப்பனியில் டிஸ்க் விளிம்பால் கீறிக்கொண்டு உள்ளே போனால், மேலே ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து டிஸ்க் நான்கு மீட்டர் தள்ளிக்கூட இருக்கும். எல்லோரும் அடியில் ஒரு நீள நாடாவை ஒட்டிக்கொண்டு எறிவோம், வால் மாதிரி பின்னால் வரும். பனிக்கால ஆட்டங்களில் ஏற்பாட்டாளர்களும் விடுவதுண்டு. அப்படியும் போன வருடம் என் கணவர் எனக்கு முதன்முதலில் வாங்கித்தந்த பட்டரை (கூடைக்குப் பக்கத்திலிருந்து எறியும் டிஸ்க்) தொலைத்தேன். ஏப்ரலில் பனி உருகியபின் மூன்று தடவை போய்த் தேடினேன், கிடைக்கவில்லை.

விதி இல்லையென்றால் நான் செய்வது இதுதான்: நடுவில் பட்டாணி அளவு ஒலிப்பான். விழுந்து ஒரு நிமிடம் கழித்துத் தானாகக் கூவ வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது தெரியும். மிச்சிகன் தம்பி, அந்தப் பிரிண்டரில் இதற்கு ஒரு குழி விட்டு அச்சடிக்க முடியுமா?

பதில்: நியூ ஜெர்சி

விளிம்பின் முனை 1.6 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூடாது என்ற விதியில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள். போன கோடையில் பக்கத்து ஆட்டப்பாதையிலிருந்து வந்த டிரைவர் என் கணுக்காலில் பட்டது. அது விதிப்படி மழுங்கிய விளிம்புதான். இரண்டு வாரம் நொண்டினேன். என் இடுப்பு உயரம் இருக்கும் மகள் அப்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அவளுக்காகத்தான் நான் டிஸ்க் வரைவேன். குறைந்தபட்சக் குறுக்களவு 21 சென்டிமீட்டர், ஏழு வயதுக் கைக்கு அது சாப்பாட்டுத் தட்டு. கட்டைவிரல் மேலே எட்டினால் மற்ற விரல்கள் விளிம்பைச் சுற்றி வராது, இரண்டு கையாலும் அணைத்துத்தான் எறிகிறாள். 17 சென்டிமீட்டர், 80 கிராம், விளிம்பு முழுக்க மெத்தென்ற ரப்பர். சங்கிலியில் பட்டால் அவளுக்குப் பிடித்த அந்தச் சத்தம் வர வேண்டும், அதற்கு 80 கிராம் போதுமா என்று யாராவது சொல்லுங்கள்.

தொடங்கியவர்

நியூ ஜெர்சி அக்கா, நேற்று சமையலறைத் தராசில் என் பையிலிருந்த எல்லாவற்றையும் நிறுத்தேன். மிக லேசானது 119 கிராம். பூங்காவில் நின்ற இடத்திலிருந்தே பத்து முறை சங்கிலியில் எறிந்தேன், பத்து முறையும் நன்றாகவே ஒலித்தது. அதற்குக் கீழே என்னிடம் எதுவும் இல்லை. மிச்சிகன் தம்பி 17 சென்டிமீட்டரில் ஒன்று அச்சடித்து எனக்கு அனுப்பினால், அடுத்த ஞாயிறு எறிந்து, சத்தத்தைப் பதிவுசெய்து இங்கே போடுகிறேன். மகளையும் கேட்கச் சொல்லுங்கள்.